சாட்சி தேடும் நம்பிக்கை

(நாட்பட்ட நோயுடன் வாழும் வளரிளம் பருவத்தினரைக் குறித்து, ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவு)



நாட்பட்ட நோயோடு காலங்கழிக்கும் சிறுவர் சிறுமியர்க்கு நம்பிக்கை எவ்வளவு அவசியம் என்பதைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். அவசியம் என்பதில் இங்கே கூடியுள்ள எவருக்கும் ஐயம் இராது. அந்த நம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது, அதை யார் கொடுக்க வல்லவர், கொடுப்பதாக எண்ணிக்கொண்டே நாம் எவ்வாறு அதைக் கெடுத்துவிடுகிறோம் என்பனவே ஆராயத்தக்கவை. மாதந்தோறும் இரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியாப் பிள்ளைகளும், ஒரு சிறு காயத்துக்கு அஞ்சி விளையாட்டு மைதானத்தை எட்ட நின்று பார்க்கும் ஹீமோபிலியாப் பிள்ளைகளும், மூச்சுத்திணறலோடும் வலிப்போடும் பள்ளிக்கு வந்துபோகும் பிள்ளைகளும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரையும் ஒரே மூச்சில் பேசப் புகுந்தால் ஒருவரைப் பற்றியும் உருப்படியாக ஒன்றும் சொன்னவனாக மாட்டேன். ஆகவே, எனக்கு ஓரளவு பழக்கமான ஒரே நோயை, பிள்ளைகளைப் பற்றும் முதல் வகைச் சர்க்கரை நோயை, எடுத்துக்கொள்கிறேன்.

இது பெரியவர்களுக்கு நடுவயதில் வரும் சர்க்கரை நோய் அன்று. தேகத்தைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே வழி தவறி, கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் உயிரணுக்களைத் தாக்கி அழித்துவிடுவதால் உண்டாவது. மிட்டாய் தின்றதனால் வந்ததன்று. தாய் செல்லம் கொடுத்ததனால் வந்ததும் அன்று. இந்த ஒரு செய்தியை ஊரார் சரியாக அறிந்திருந்தால், எத்தனையோ தாய்மார்கள் சுமக்கும் குற்ற உணர்ச்சி அவர்கள் தோளைவிட்டு இறங்கியிருக்கும்.

இன்சுலின் மருந்தாக வந்த 1922-ஆம் ஆண்டுக்கு முன்பு இந்நோய் கண்ட பிள்ளை ஓரிரண்டு ஆண்டுகளுக்குமேல் உயிர் தரிப்பது அரிதாயிருந்தது. அக்காலத்தில் அமெரிக்காவில் பிரெடெரிக் ஆலன் என்னும் வைத்தியர், முதலில் நியூயார்க்கிலுள்ள ராக்பெல்லர் நிலையத்து ஆஸ்பத்திரியிலும் பின்னர்த் தாமே நிறுவிய மருத்துவ நிலையத்திலும், ஒரு கடுமையான முறையைக் கைக்கொண்டார். சிறுநீரில் சர்க்கரை தோன்றாதிருக்கும் அளவுக்கு உணவைக் குறைத்துக்கொண்டே போவது, சர்க்கரை தோன்றிய நாளில் முழு உபவாசம் இருக்கச் செய்வது, இப்படி எலும்பும் தோலுமாகவேனும் நோயாளியைச் சில மாதங்கள், முடிந்தால் சில ஆண்டுகள், இருத்திவைப்பது என்பதே அந்த முறை. நடக்கவும் திராணியற்றுப் படுக்கையோடு கிடந்த ஒரு பார்வையிழந்த சிறுவனுக்கு மட்டும் சர்க்கரை குறையவே இல்லையாம். வைத்தியர்கள் காரணம் தேடினார்கள். தனக்குத் துணையாக வேண்டுமென்று கேட்டு வாங்கிய குருவியின் கூண்டிலிருந்து தானியத்தையும், பல் விளக்கும் பசையையும் அவன் பசி தாளாமல் தின்றுகொண்டிருந்தான் என்று கண்டார்கள். இந்தச் செய்தியைப் படித்த பிறகு, ‘பிள்ளை பத்தியத்தை மீறுகிறான்’ என்று யாரேனும் என்னிடம் குறை சொல்லும்போதெல்லாம் அந்தக் கூண்டுதான் என் நினைவுக்கு வருகிறது.

அந்தப் பிள்ளைகளுக்கு ஆலன் என்ன நம்பிக்கையைக் கொடுத்தார்? குணமாகும் என்று அவர் வாக்களிக்கவில்லை. நாளைக் கடத்தினால் ஒருவேளை ஏதேனும் ஒரு மருந்து கண்டுபிடிக்கப்படலாம் என்ற ஒன்றைத்தவிர அவர் கையில் கொடுப்பதற்கு எதுவும் இல்லை. அவரிடம் 1919-இல் வந்தவர்களுள் சிலர் அந்த நாளைக் கண்டார்கள். 1915-இல் வந்தவர்களுள் பலர், அதே உறுதியோடும் அதே பசியோடும் இருந்தும், காணவில்லை. நம்பிக்கை வைத்தவர்கள் பிழைத்தார்கள், வைக்காதவர்கள் மடிந்தார்கள் என்று கதை சொல்வது எளிது, கேட்பதற்கும் இனிது. ஆனால் அது உண்மையன்று. உயிரைக் காத்தது இன்சுலின். மருந்து வருமுன் மறைந்துபோன பிள்ளைகளின் நம்பிக்கை எந்த விதத்திலும் குறைந்ததன்று. அவர்கள் போதிய மனவுறுதி இல்லாமல் தோற்றவர்கள் அல்லர். இன்றும் ஒரு நோய் முற்றிவிட்டால் ‘மனத்தைத் தளரவிட்டான், அதனால்தான்’ என்று பேசுகிறோமே, அந்தப் பேச்சு நோயோடு கிடக்கும் ஒரு சிறுவனின் தலையில் இரண்டாவது பாரத்தை ஏற்றுகிறது. அதை நாம் விட்டுவிட வேண்டும்.

கனடா நாட்டு டொராண்டோ நகரத்தின் பொது ஆஸ்பத்திரியில், 1922 ஜனவரி 11-ஆம் நாள், லெனார்ட் தாம்சன் என்னும் ஏழைச் சிறுவனுக்கு, பாண்டிங், பெஸ்ட் என்னும் ஆராய்ச்சியாளர்கள் மாட்டுக் கணையத்திலிருந்து வடித்தெடுத்த இன்சுலின் சாறு முதன்முதலாக ஊசி மூலம் செலுத்தப்பட்டது. அவன் எடை அப்போது ஏறக்குறைய 30 கிலோ. முதல் ஊசி பெரும்பாலும் தோல்வி. சர்க்கரை சிறிதே குறைந்தது, ஊசி போட்ட இடம் சீழ்க்கட்டியாய் வீங்கியது, சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள். அதன்பின் பன்னிரண்டு நாட்கள், காலிப் என்னும் இரசாயன நிபுணர் அந்தச் சாற்றை மேலும் சுத்தப்படுத்தும் வழியைக் கண்டு தரும்வரை, அந்தச் சிறுவன் அதே கட்டிலில் கிடந்தான். வரலாற்று நூல்கள் அந்தப் பன்னிரண்டு நாட்களை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. ஒருமுறை கொடுத்துப் பார்த்து எடுத்துக்கொண்ட பிறகு, அவன் தந்தை மகனுக்கு என்ன சொல்லியிருப்பார் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. ஜனவரி 23-ஆம் நாள் மறுபடியும் ஊசி போட்டார்கள். இந்தமுறை சர்க்கரை இயல்பு நிலையை நோக்கி இறங்கியது. சிறுவன் எழுந்து நடமாடினான். அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்து, வாலிபனாகி, 1935-இல் நிமோனியாக் காய்ச்சலால் இறந்தான்.

இன்று நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இங்கேதான் இருக்கிறது. லெனார்டுக்கு முன்பு எந்தப் பிள்ளையிடமும், ‘இதோ பார், உன்னைப்போல் ஒருவன் பிழைத்திருக்கிறான்’ என்று காட்டுவதற்கு ஓர் ஆள் இல்லை. லெனார்டுக்குப் பின்பு இருந்தான். நம்பிக்கை உபதேசத்தால் ஊட்டப்படுவதன்று. சாட்சியைக் கண்டு தானே எழுவது. அதிலும் பதின்மூன்று வயதுக்கும் பத்தொன்பது வயதுக்கும் இடைப்பட்ட பருவம், பெரியவர்கள் சொல்வதைச் சொன்னபடி ஏற்றுக்கொள்ளும் பாலியத்தைக் கடந்து, எதையும் தானே கண்டு தேறவேண்டும் என்று முரண்டும் பருவம் அல்லவா? அந்தப் பருவத்துக்கு வாக்கைவிடப் பிரத்தியட்சமே பெரிது.

லெனார்டுக்கு ஊசி போட்ட அதே 1922-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பதினைந்து வயது நிரம்பும் தறுவாயிலிருந்த எலிசபெத் ஹியூஸ் என்னும் சிறுமி டொராண்டோவுக்கு அழைத்து வரப்பட்டாள். அவள் தந்தை சார்லஸ் இவான்ஸ் ஹியூஸ் அப்போது அமெரிக்காவின் வெளியுறவு அமைச்சர். பின்னாளில் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. மூன்றாண்டுகளுக்குமேல் ஆலனுடைய பத்தியத்தைப் பிசகாமல் காத்த அப்பெண்ணின் எடை 20 கிலோ அளவுக்கு இறங்கியிருந்தது. அந்த நிலையிலும் ஓயாமல் படித்துக்கொண்டும் தாய்க்குக் கடிதம் எழுதிக்கொண்டும் இருந்தவள் அவள். பாண்டிங் தம் கையாலேயே சிகிச்சையைத் தொடங்கினார். சில வாரங்களில் ரொட்டியும் வெண்ணெயும் மீண்டும் தட்டுக்கு வந்தன. அவற்றை உண்டதைப் பற்றி அவள் தாய்க்கு எழுதிய கடிதங்களில் பொங்கி வழியும் ஆனந்தத்தைப் படிப்பவர் எவரும் மறக்க இயலாது. அவள் கல்லூரியில் பட்டம் பெற்றாள், மணம் புரிந்தாள், மூன்று பிள்ளைகளுக்குத் தாயானாள், 1981-இல் எழுபத்துமூன்றாம் வயதில் மறைந்தாள். இன்சுலினோடு வாழ்ந்த ஐம்பத்தெட்டு ஆண்டுகளில் அவள் போட்டுக்கொண்ட ஊசிகள் 42,000-க்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஆனால் அந்த அம்மையார் தமக்கு இந்நோய் உண்டென்பதை நெருங்கிய சிலரைத்தவிர எவருக்கும் தெரியவிடவில்லை. தந்தையாரின் கடிதங்களிலும் குறிப்புகளிலும் தம் நோயைப் பற்றியிருந்த பகுதிகளை நீக்கிவிடவும் முயன்றார். நோயாளி என்ற பெயரோடு உலகத்தின் முன் நிற்க விரும்பாத ஒரு மனத்தைக் குறைகூறும் உரிமை எனக்கில்லை. ஆயினும், 1950-இல் எங்கோ ஓர் ஊரில், ‘நான் முப்பது வயது வரையிலாவது இருப்பேனா?’ என்று இரவில் விழித்துக் கிடந்த ஒரு பெண்ணுக்கு, நாற்பது வயதைக் கடந்து மூன்று பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்த எலிசபெத் என்னும் சாட்சி கிடைக்காமற்போனாளே என்ற துயரம் எனக்கு உண்டு.

பாஸ்டன் நகரத்து ஜாஸ்லின் என்னும் வைத்தியர் இத்தகைய சாட்சியின் அருமையை நன்கு அறிந்திருந்தார் என்று தோன்றுகிறது. இந்நோயோடு நெடுங்காலம் வாழ்ந்தவர்களுக்கு அவர் பதக்கம் அளிக்கத் தொடங்கினார். அவர் காலத்துக்குப்பின் அவர் பெயரால் விளங்கும் நிலையம், 1970 முதல், இன்சுலினோடு ஐம்பது ஆண்டு வாழ்ந்தவர்களுக்குப் பதக்கம் வழங்கி வருகிறது. எழுபத்தைந்து ஆண்டு நிறைந்தவர்களுக்கும் இப்போது ஒன்று உண்டு. அந்தப் பதக்கத்தின் பயன் அதைப் பெறும் கிழவர்களோடு நின்றுவிடுவதன்று. அதே கூடத்தில் தன் முறைக்காகக் காத்திருக்கும் பதினான்கு வயதுப் பையன், பதக்கம் அணிந்த ஒரு முதியவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு தன்னைக் கடந்து செல்வதைக் காண்கிறான் அல்லவா, அங்கே அதன் பெரும்பயன் இருக்கிறது.

நம் ஊருக்கு வருவோம். நம்மிடையே இந்நோயைப் பற்றிய முதல் உபதேசமே ஒளித்துவைக்கும் உபதேசமாக இருக்கிறது. பெண் குழந்தையாயிருந்தால், ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வருமுன்பே பாட்டி சொல்லிவிடுகிறாள்: “யார்கிட்டயும் மூச்சு விடாதே, நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு இருக்கு.” அந்தப் பாட்டிக்குப் பேத்தியின்மேல் உள்ள அன்பை நான் அறிவேன், அவள் அஞ்சுவதற்கு இந்தச் சமூகம் காரணம் கொடுத்தே வைத்திருக்கிறது என்பதையும் அறிவேன். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண், மதிய மணி அடித்ததும், பென்சில் டப்பாவுக்குள் கைக்குட்டையில் சுற்றி வைத்திருக்கும் சிவப்பு மூடி போட்ட நாற்பது யூனிட் சிரிஞ்சையும் மருந்துக் குப்பியையும் எடுத்துக்கொண்டு கழிவறைக்குப் போகிறாள். கதவின் தாழ்ப்பாள் சரியில்லை. ஒரு காலால் கதவை அணைத்துக்கொண்டு, சட்டையை வாயால் கவ்விக்கொண்டு, அரைகுறை வெளிச்சத்தில் மருந்தின் அளவைப் பார்த்து வயிற்றில் குத்திக்கொள்கிறாள். வெளியில் தோழிகள் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். சில நாட்கள் தாழ்ப்பாளுள்ள அறை கிடைக்காது; அந்நாட்களில் ஊசியும் இல்லை. மாலையில் வீட்டில் சோதித்தால் சுகர் முந்நூறு, நானூறு. ‘என்ன தின்றாய்?’ என்று கேட்கிறோம். தாழ்ப்பாள் சரியாயிருந்ததா என்று கேட்பாரில்லை.

பாட்டியின் அச்சத்தைவிடக் கொடியது ஒன்று உண்டு. அது பொய்யான நம்பிக்கை. இந்நோயில் அதற்கு ஒரு தனி வாசல் திறந்திருக்கிறது. இன்சுலின் தொடங்கிய சில வாரங்களில், அழியாமல் எஞ்சியிருக்கும் கணையத்தின் உயிரணுக்கள் சற்றே இளைப்பாறித் தலையெடுத்து, மீண்டும் கொஞ்சம் இன்சுலினைச் சுரக்கும். ஊசியின் அளவு குறைந்துகொண்டே வரும். சில பிள்ளைகளுக்கு ஏறக்குறைய ஒன்றுமே வேண்டாம் என்னும் நிலைகூடத் தோன்றும். வைத்தியர்கள் இதைத் தேனிலவுக் காலம் என்பார்கள். இது சில மாதங்கள் இருந்து கழிந்துவிடும் என்பதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே தெளிவாக எடுத்துச் சொல்லாவிட்டால், வேண்டுதல் பலித்துவிட்டது என்றே குடும்பம் மகிழ்கிறது. சரியாக அந்த வேளையில் எவரேனும் ஒருவர், ஒரு மண்டலம் கஷாயம் குடித்தால் வேரோடு போய்விடும் என்று சொல்லி வருகிறார். ஊசி நிற்கிறது. கஷாயம் பலன் தருவது போலவே சில நாட்கள் தோன்றுகிறது. பிறகு ஓர் இரவில் பிள்ளை ஓயாமல் வாந்தி எடுக்கிறது. மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்குகிறது. வாயில் அழுகிய பழத்தின் வாசனை வீசுகிறது. அவசரப் பிரிவில் கொண்டுவந்து கிடத்தும்போது நினைவு பாதி போயிருக்கிறது. முதல் வகை நோயில் இன்சுலினை அறவே நிறுத்துவது உயிருக்கு உலை வைப்பது. இதில் இரண்டாவது அபிப்பிராயத்துக்கு இடமே இல்லை.

பிழைத்து எழுந்த பிள்ளையின் உள்ளத்தில் நேர்வதையும் கருதிப் பாருங்கள். ‘குணமாகிவிட்டது’ என்று தாயும் தந்தையும் தேங்காய் உடைத்ததை அது கண்டது. பிறகு அது பொய்யாய்ப் போனதையும் கண்டது. இனி வைத்தியர் சொல்லும் மெய்யான நல்ல செய்தியையும் அது எப்படி நம்பும்? பொய் நம்பிக்கை தான் அழிவதோடு நில்லாமல், பின்னால் வரவிருக்கும் மெய் நம்பிக்கைக்கு உரிய இடத்தையும் அடைத்துவிட்டுப் போகிறது.

மெய்யான நல்ல செய்தி என்று ஒன்று உண்டா என்றால், உண்டு. அது கையில் எடுத்துக் காட்டத்தக்கது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை நடந்த ஒரு பெரிய ஆராய்ச்சியில், பதின்மூன்று வயது முதல் முப்பத்தொன்பது வயது வரையுள்ள 1,441 பேர் கலந்துகொண்டார்கள். அவர்களுள் 195 பேர் வளரிளம் பருவத்தினர். ஒரு சாரார் அக்கால வழக்கப்படி நாளைக்கு ஓரிரு ஊசி. மற்றொரு சாரார் மூன்றும் அதற்கு மேலும், அன்றாடம் பலமுறை விரல் நுனியில் குத்திச் சோதனை. சர்க்கரையை நெருங்கிக் காத்தவர்களுள், தொடக்கத்தில் கண்ணில் பழுதில்லாதிருந்தவர்களுக்குக் கண் கெடும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது. நம் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்பும் செய்தி அதற்கடுத்தது. அந்த வளரிளம் பருவத்தினரால், எவ்வளவோ முயன்றும், பெரியவர்கள் எட்டிய அளவுக்குத் தம் சர்க்கரையை இறக்க முடியவில்லை. ஆயினும் அவர்களுடைய கண்களும் கணிசமாகக் காக்கப்பட்டன. பூரணமாகச் செய்ய முடியாதபோதும் செய்த அளவுக்குப் பலன் உண்டு என்பதற்கு இதைவிட உறுதியான சாட்சி எனக்குத் தெரியாது. அந்த ஆராய்ச்சி முடிந்தபின் அவர்களை விடாது கவனித்து வந்ததில், முன்பு பட்ட பாட்டின் பலன் பல ஆண்டுகள் கழித்தும் தேகத்தில் நிலைத்திருந்தது என்பதும் தெரியவந்தது.

அவர்களால் ஏன் இறக்க முடியவில்லை? சோம்பலா, அடங்காமையா? யௌவனம் அரும்பும் காலத்தில் வளர்ச்சிக்குரிய சுரப்புகள் பெருகி, இன்சுலினின் வேலையை எதிர்த்து நிற்கின்றன. நேற்றுவரை போதுமாயிருந்த அளவு இன்று போதாது. சொன்னபடியெல்லாம் நடந்த பிள்ளைக்கும் எண் ஏறுகிறது. அந்த எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் தந்தையின் முகம் மாறுகிறது. ஒரு முறை, இரு முறை. பிறகு பிள்ளை நோட்டுப் புத்தகத்தில் பொய்யான எண்களை எழுதக் கற்றுக்கொள்கிறது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையில் அந்தப் பொய் வெளிப்பட, வைத்தியரும் கடிந்துகொள்கிறார். எண்ணைப் பார்த்ததும் ‘சரி, இப்போது என்ன செய்யலாம்?’ என்று கேட்கும் ஒரு வீட்டில் வளரும் பிள்ளைக்கு நம்பிக்கையைப் பற்றித் தனியே பிரசங்கம் செய்யவேண்டிய தேவையே இல்லை.

கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் மனோதத்துவம் பயிற்றிய ஸ்னைடர் என்பவர் நம்பிக்கையை அளக்க முயன்றார். சிறுவர்க்கென்றே ஆறு வினாக்கள் அடங்கிய அளவுகோல் ஒன்றை 1997-இல் வெளியிட்டார். அடைய விரும்பும் இலக்கு ஒன்று, அதை அடையும் உபாயங்களைக் காணும் திறம், அவ்வழியே செல்வேன் என்னும் சங்கற்பம், இவை கூடியதே நம்பிக்கை என்பது அவர் கொள்கை. மனித உள்ளத்தை ஆறு வினாக்களில் அடக்கிவிட முடியுமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஆயினும் உபாயத்தை நம்பிக்கையின் அங்கமாக அவர் வைத்ததை நான் மனமார ஏற்கிறேன். ‘தைரியமாயிரு’ என்று சொல்லிவிட்டு உபாயத்தைச் சொல்லாமல் போவது, ஆழம் தெரியாத ஆற்றில் ஒருவனை இறக்கிவிட்டுக் கரையிலிருந்து கைதட்டுவதை ஒக்கும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், நீர் வார்த்த மண்பானைக்குள் மருந்துக் குப்பியை நனையாமல் வைத்துக் காக்கலாம் என்று காட்டிக் கொடுக்கும் செவிலி, அந்த வீட்டுக்கு நம்பிக்கையைத்தான் கொடுத்துவிட்டுப் போகிறாள். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், 2017-இல், முதல் வகை நோயுள்ள மாணவர்கள் பொதுத்தேர்வுக் கூடத்துக்குள் சர்க்கரை மாத்திரையும் பழமும் சிற்றுண்டியும் கொண்டுசெல்லலாம் என்று அனுமதித்தபோது, அந்த ஓர் உத்தரவு எத்தனை பிள்ளைகளின் நெஞ்சிலிருந்து ‘பரீட்சை நடுவில் லோ ஆகிவிட்டால், அதாவது இரத்தச் சர்க்கரை மிகத் தாழ்ந்துவிட்டால்?’ என்ற திகிலை அகற்றியிருக்கும்!

இந்தப் பருவத்தினரிடம், இருபது ஆண்டு கழித்துச் சிறுநீரகம் கெடும், கண் போகும் என்று எச்சரிப்பதால் அதிகப் பயன் இல்லை. பதினைந்து வயதுக்கு இருபது ஆண்டு என்பது மறு ஜன்மம். அடுத்த வாரம் வரும் கபடிப் போட்டி மெய். அரையாண்டு விடுமுறைச் சுற்றுலா மெய். அந்தச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்த பிள்ளையிடம் ‘உன் உடம்புக்கு எதற்கு வம்பு?’ என்று சொல்லும் ஆசிரியர், நல்லெண்ணத்தோடு சொன்னாலும், அதன் நாளையைச் சுருக்கிவிடுகிறார். ‘வா, உன் மருந்துப் பையை என் பையோடு வைத்துக்கொள்கிறேன், லோ ஆனால் எனக்கு எப்படித் தெரியும், என்ன கொடுக்கவேண்டும் என்று சொல்லிக்கொடு’ என்று கேட்கும் ஆசிரியர் அதை நீட்டிக் கொடுக்கிறார்.

இனி, தலைமையாசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் பள்ளியில் தாழ்ப்பாளும் விளக்கும் கைகழுவத் தண்ணீரும் உள்ள ஓர் அறையை, ஆசிரியர் அறையின் ஒரு மூலையாயிருந்தாலும் சரி, இந்தப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்குங்கள். குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று அங்கே எப்போதும் இருக்கட்டும். மற்றொரு விண்ணப்பம், இந்த அவையில் இருபதும் முப்பதும் ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொண்டு, உத்தியோகம் பார்த்து, குடும்பம் நடத்தி வருகிறவர்களுக்கு. இருப்பீர்கள் என்பது நிச்சயம்; உங்களுள் பலர் அதைப் பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கும் சொல்லியிருக்க மாட்டீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இன்சுலின் வாங்க வரும் பிள்ளைகளையும் பெற்றோரையும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தித்துப் பேச ஏற்பாடு செய்ய எண்ணியிருக்கிறோம். அங்கே நீங்கள் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து அவர்களைப்போலவே ஊசி போட்டுக்கொண்டு, அவர்களோடு சாப்பிட்டு, கேட்டதற்குப் பதில் சொன்னால் போதும். வர இசைவுள்ளவர்கள், கூட்டம் முடிந்ததும் வாயிலருகே வைத்திருக்கும் நோட்டில் தங்கள் பெயரை எழுதிவிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.